மாதேஸ்வரன் மலைக்குப் போகும் மின்சார கார்: சக்கரம் 18 அங்குலமா, 20 அங்குலமா?

புதுக் கார் வாங்கியவர்கள் அதை முதன் முதலில் கோவிலுக்கு ஓட்டிச் சென்று பூஜை போடுவது வழக்கம். மைசூர், கொள்ளேகால் பகுதித் தமிழர்களுக்கும், மேட்டூர், சேலம், ஈரோடு பக்கத்து மக்களுக்கும் அந்தக் கோவில் பெரும்பாலும் மாதேஸ்வரன் மலையாகவே இருக்கிறது. காருக்கு மாலை போட்டு, நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் வண்டி சொந்தமானதாக அவர்களுக்குத் தோன்றும்.

எலுமிச்சம்பழத்தை வைக்கும்போது எல்லோரும் சக்கரத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தச் சக்கரத்தின் டயரில் எழுதியிருக்கும் எண்களை யாரும் படிப்பதில்லை. காருக்குப் பணம் கட்டும் முன்பே படித்திருக்க வேண்டிய எண்கள் அவை. அதிலும் மின்சார கார் வாங்குகிறவர்கள், அதிலும் இந்த மலைப்பாதையில் அடிக்கடி போகிறவர்கள், கட்டாயம் படிக்க வேண்டும்.

மாதேஸ்வரன் மலை முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1997-ல் மாவட்டம் பிரிந்தபோது சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போயிற்று. மைசூரில் இருந்து சுமார் 150 கிலோ மீட்டர். பெங்களூரில் இருந்து சுமார் 210 கிலோ மீட்டர். கொள்ளேகால், ஹனூர், கவுதள்ளி வழியாக தாளபெட்டா வந்தால் அங்கிருந்து மலை ஏற்றம். தமிழ்நாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு மேட்டூர், கொளத்தூர், பாலாறு வழி. பாலாறு என்றதும் பழைய வாசகர்களுக்கு வீரப்பன் ஞாபகம் வரும். 2004 அக்டோபரில் அவன் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அந்தப் பயம் போய்விட்டது. காடு மட்டும் அப்படியே இருக்கிறது. 2013-ல் அதை வன விலங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். யானை குறுக்கே நிற்கும். எல்லா இடத்திலும் செல்போன் பேச முடியாது. மழை பெய்தால் மண்ணும் கல்லும் ரோட்டுக்கு வந்து சேரும்.

அமாவாசை, சிவராத்திரி, தீபாவளி, உகாதி நாட்களில் இந்த இரண்டு பாதையிலும் கார்கள் வரிசையாக ஏறும். அந்த வரிசையில் இப்போது சத்தம் போடாமல் ஏறும் மின்சார கார்களும் சேர்ந்திருக்கின்றன.

சென்னையில் அறிமுகமான கார்

2024-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி சென்னையில் மகிந்திரா கம்பெனி இரண்டு மின்சார எஸ்.யு.வி. கார்களை வெளியிட்டது. ஒன்று பி.இ. 6. மற்றொன்று எக்ஸ்.இ.வி. 9இ. செங்கல்பட்டு அருகே உள்ள அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி, புனே அருகே சாக்கனில் தயாராகும் கார்கள் இவை. 59 யூனிட் கொள்ளளவு, 79 யூனிட் கொள்ளளவு என்று இரண்டு விதமான பாட்டரிகள் உண்டு. மோட்டார் பின் சக்கரங்களைச் சுழற்றுகிறது.

சக்கர விஷயத்தைப் புரிந்துகொள்ள பி.இ. 6 நல்ல உதாரணம். வெளியிட்டபோது அதற்கு மூன்று அளவுகளைச் சொன்னார்கள். தொடக்க ரகத்துக்கு 245/60 ஆர் 18. மேல் ரகங்களுக்கு 245/55 ஆர் 19. கூடுதல் பணம் கொடுத்தால் 245/50 ஆர் 20.

இது என்ன கணக்கு? ரெயில்வே கால அட்டவணை படிக்கத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. முதல் எண்ணான 245 டயரின் அகலம், மில்லி மீட்டரில். அடுத்த எண் டயரின் பக்கச்சுவர் உயரம். அது மில்லி மீட்டர் அல்ல. அகலத்தில் அது எத்தனை சதவீதம் என்பதைக் காட்டுகிறது. ஆர் என்பது ரேடியல் டயர் என்பதன் அடையாளம். கடைசி எண் உள்ளே இருக்கும் உலோக வளையத்தின், அதாவது டிஸ்க்கின் குறுக்களவு. அது மட்டும் அங்குலத்தில். ஒரே டயரில் மில்லி மீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றும் கலந்து கிடக்கின்றன. யார் செய்த ஏற்பாடோ தெரியவில்லை, உலகம் முழுவதும் இப்படித்தான்.

இப்போது பெருக்கிப் பார்க்கலாம். 18 அங்குல சக்கரத்தில் பக்கச்சுவர் 245-ல் 60 சதவீதம். 147 மில்லி மீட்டர். 19 அங்குலத்தில் 55 சதவீதம். சுமார் 135 மில்லி மீட்டர். 20 அங்குலத்தில் 50 சதவீதம். 122½ மில்லி மீட்டர்.

மேலும் கீழும் பக்கச்சுவரைச் சேர்த்து, நடுவில் டிஸ்க்கையும் சேர்த்தால் முழுச் சக்கரத்தின் உயரம் வரும். 18 அங்குலத்துக்கு 751 மில்லி மீட்டர். 19 அங்குலத்துக்கு 752. 20 அங்குலத்துக்கு 753.

வாசகர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒரே உயரம்! வித்தியாசம் 2 மில்லி மீட்டர்தான். "பெரிய சக்கரம் போட்டால் வண்டி உயரமாக நிற்கும், மேடு பள்ளத்தில் அடி தட்டாது" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வண்டி ஒரு நூல் கூட உயராது. 20 அங்குலம் வாங்குகிறவருக்கு உலோகம் கூடுகிறது. ரப்பரும் காற்றும் குறைகின்றன. பக்கச்சுவரில் போவது 24½ மில்லி மீட்டர், ஏறத்தாழ ஒரு அங்குலம். அந்த ஒரு அங்குல ரப்பரை விட்டுக்கொடுப்பதற்குத்தான் கூடுதல் பணம்.

அம்பாசிடர் காலம்

அப்பா காலத்தில் இந்தத் தலைவலி கிடையாது. அம்பாசிடர் என்றால் 5.90-15 டயர். பிரீமியர் பத்மினி என்றால் 5.20-14. மாருதி 800-க்கு 145/70 ஆர் 12. மைசூரிலேயே விக்ராந்த் டயர் தொழிற்சாலை இருந்தது. 1997-ல் அது ஜே.கே. டயர் கம்பெனியின் கைக்குப் போயிற்று. கடைக்காரரிடம் கார் பெயரைச் சொன்னால் போதும், டயர் வந்துவிடும்.

"மாருதி 800-ல் பக்கச்சுவர் வெறும் 101 மில்லி மீட்டர்தானே, அது மலை ஏறவில்லையா?" என்று கணக்குத் தெரிந்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏறியது. ஆனால் அந்தக் காரின் எடை 650 கிலோ அளவுதான். இப்போதைய பெரிய மின்சார எஸ்.யு.வி. பாட்டரியோடு சேர்ந்து 2 ஆயிரம் கிலோவைத் தாண்டுகிறது. மூன்று மடங்கு எடை. ஐந்து பேர், பிரசாதப் பை, தண்ணீர் கேன் எல்லாம் சேர்ந்தால் 2 ஆயிரத்து 400 கிலோ. இத்தனை பாரத்துடன் சக்கரம் குழியில் இறங்கும்போது அடியைத் தாங்க வேண்டியது அந்தப் பக்கச்சுவருக்குள் இருக்கும் காற்றுதான். காற்று மெத்தை கனமாக இருந்தால் டயர் அமுங்கி நிமிரும். மெல்லியதாக இருந்தால், குழியின் விளிம்புக்கும் டிஸ்க்குக்கும் இடையில் ரப்பர் நசுங்கும்.

அப்படி நசுங்கினால் இரண்டில் ஒன்று நடக்கும். டயரின் உள்ளே இருக்கும் நூல்கள் அறுந்து பக்கவாட்டில் கொழுக்கட்டை போல வீங்கும். அல்லது டிஸ்க் அடிபடும். பழைய இரும்பு டிஸ்க் என்றால் நெளியும். தட்டி நிமிர்த்தி ஊர் வந்து சேரலாம். இப்போது வரும் அலாய் டிஸ்க் பலமான அடி பட்டால் விரிசல் விடும். விரிசல் வழியாகக் காற்று இறங்கிவிடும்.

ஸ்டெப்னி இல்லை

காற்று இறங்கினால் என்ன, ஸ்டெப்னி இருக்கிறதே என்று நினைக்கலாம். அங்கேதான் சிக்கல்.

மத்திய சாலைப் போக்குவரத்து இலாகா 2020 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. மூன்றரை டன் வரையுள்ள பயணிகள் வாகனத்தில் டியூப் இல்லாத டயர், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி, பஞ்சர் ஒட்டும் சாதனம் ஆகியவை இருந்தால் ஸ்டெப்னி கட்டாயம் இல்லை. மின்சார காரில் பாட்டரிக்கு இடம் வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதன் பிறகு வந்த மின்சார கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியைத் தேடினால் கிடைக்காது. ஒரு பசை டப்பாவும், காற்றடிக்கும் சிறு பம்பும்தான் இருக்கும்.

ஆணி குத்திய ஓட்டையை அந்தப் பசை அடைக்கும். தரையில் படும் பகுதியில் ஓட்டை இருந்தால்தான் அதுவும். பக்கச்சுவர் கிழிந்தால் அடைக்காது. டிஸ்க் விரிசலை அடைக்கவே அடைக்காது. அப்புறம் வண்டியைத் தூக்கிச் செல்லும் லாரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். மைசூர் ரிங் ரோட்டில் இது ஒரு மணி நேரத் தொல்லை. பாலாறுக்கு மேலே காட்டு வழியில், பொழுது சாய்ந்த பிறகு, குழந்தைகளும் வயதான அம்மாவும் வண்டிக்குள் இருக்கும்போது, செல்போனில் கம்பி கிடைக்காதபோது, அது வேறு விஷயம். காரை விட்டு இறங்கி ரோட்டில் நடப்பதும் அங்கே நல்லதல்ல.

ஷோரூமில் நிற்கும்போது இது யாருக்கும் தோன்றாது. "இருபது அங்குலம் போட்டால்தான்பா கம்பீரமா இருக்கும்" என்பான் மகன். அவன் சொல்வதிலும் உண்மை உண்டு. மின்சார காரின் அடித்தளம் முழுவதும் பாட்டரி பரவிக் கிடப்பதால் உடல் உயரமாகத் தெரிகிறது. அதற்குக் கீழே சின்ன டிஸ்க் பொம்மை வண்டிச் சக்கரம் போலத்தான் காட்சி தரும். அகன்ற நெடுஞ்சாலையில் வேகமாகத் திரும்பும்போதும், உயரம் குறைந்த பக்கச்சுவர் ஆடாமல் நிற்கும். பெங்களூர் - மைசூர் விரைவுச் சாலை மட்டுமே ஓட்டுகிறவர் 20 அங்குலம் வாங்கினால் குறை சொல்ல முடியாது.

தாளபெட்டாவுக்கு மேலே அந்த வேகம் எங்கே வரப் போகிறது? கொண்டை ஊசி வளைவில் ஆள் ஓடுகிற வேகத்தில்தான் கார் திரும்பும். எதிரே பஸ் வந்தால் ஒரு சக்கரத்தை தார் ரோட்டில் இருந்து இறக்க வேண்டும். பிறகு ஏற்ற வேண்டும். அந்த விளிம்பில்தான் டிஸ்க் அடி வாங்கும். ரோட்டில் இருக்கும் வேகத்தடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கர்நாடகமும் தமிழ்நாடும் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருக்கின்றன.

எத்தனை கிலோ மீட்டர் போகும்?

மின்சார கார்காரர்களின் முக்கியக் கவலை, ஒரு சார்ஜில் எத்தனை தூரம் போகும் என்பது. சக்கரத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. டிஸ்க் பெரிதானால் பொதுவாக எடை கூடும். டிஸ்க்கின் வடிவம் திறந்த ஆரங்களாக இருந்தால் காற்றைக் கலக்கி இழுக்கும். டயரின் அகலம் கூடினால் உருளும்போது விரயமும் கூடும்.

இதற்கு ஒரு நல்ல அத்தாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. ஹூண்டாய் கம்பெனியின் அயோனிக் 6 என்ற காரை அந்நாட்டு அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை 2023-ம் ஆண்டு ரகங்களுக்குப் பதிவு செய்திருக்கும் கணக்கு இது. பெரிய பாட்டரி, பின் சக்கர மோட்டார். 18 அங்குல சக்கரத்துடன் 361 மைல். அதே பாட்டரி, அதே மோட்டார். 20 அங்குல சக்கரத்துடன் 305 மைல். கிலோ மீட்டரில் சொன்னால் 581, 491. சுமார் 90 கிலோ மீட்டர் போய்விட்டது!

அது எஸ்.யு.வி. அல்ல, தாழ்வான கார். அங்கே 20 அங்குல டயர் அகலமும் கூடுதல். பி.இ. 6-ல் மூன்று அளவுக்கும் அகலம் ஒன்றேதான் என்பதால் அத்தனை பெரிய இழப்பை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் இழப்பின் திசை அதுதான்.

மலை ஏறினால் பாட்டரி காலியாகிவிடும் என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. 2 ஆயிரத்து 400 கிலோ பாரத்தை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க முக்கால் யூனிட் கூடத் தேவைப்படாது. வழக்கமாக உருள ஆகும் செலவு தனி. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி, தூக்கிய செலவில் நல்ல பங்கைத் திருப்பிக் கொடுக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பாட்டரி முழுக்க நிரம்பி இருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு உள்ளே இடம் இருக்காது; அப்போது அந்தத் தடுப்பும் குறைந்துவிடும். ஆகையால் மலை மேல் தங்கி சார்ஜ் போடுகிறவர்கள் நூற்றுக்கு நூறு நிரப்பிக்கொண்டு இறங்கக் கூடாது.

மோட்டார் பிடிக்கும் இந்தத் தடுப்பினால் பிரேக் தேய்வது குறையும். டயர் தேய்வது குறையாது. ஏறும்போது தள்ளுவதும் இறங்கும்போது பிடிப்பதும் பின் சக்கரம் என்றால், பின் டயர்கள் முன்னதாகத் தேயும். முன்னும் பின்னும் மாற்றிப் போடுவதை மறக்கக் கூடாது.

எதை வாங்கலாம்?

இந்த மலைக்கு ஆண்டுக்கு நாலைந்து தடவை போகிற குடும்பத்துக்கு 18 அங்குலம்தான் ஏற்றது. ஆனால் பி.இ. 6 வெளியானபோது அது தொடக்க ரகத்தில், சிறிய பாட்டரியோடு வந்தது. பெரிய பாட்டரி வேண்டுமென்றால் 19 அங்குலம் என்றார்கள். தூரம் வேண்டுமா, ரப்பர் வேண்டுமா என்று கேட்பது போல இருக்கிறது. கம்பெனிகள் ரகங்களை அடிக்கடி மாற்றுவதால், பணம் கட்டும் அன்று எந்த ரகத்துக்கு எந்தச் சக்கரம் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். 19 அங்குலம்தான் கிடைக்கும் என்றால் அதை எடுக்கலாம். 135 மில்லி மீட்டர் மோசமில்லை. 20 அங்குலத்துக்குக் கூடுதல் பணம் கட்டுவது இந்தப் பாதைக்காரர்களுக்கு வீண் செலவு. அந்தப் பணத்துக்கு ஒரு உபரி டிஸ்க்கும் டயரும் வாங்கி, மலைக்குப் போகும் நாட்களில் டிக்கியில் போட்டுக்கொண்டால் நிம்மதியாகப் போய் வரலாம்.

சிறிய கார் போதும் என்பவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. டாட்டா நெக்சான் மின்சார காருக்கு 215/60 ஆர் 16. ஸ்ரீபெரும்புதூர் அருகே தயாராகி 2025 ஜனவரியில் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் கிரெட்டா மின்சார காருக்கு 215/60 ஆர் 17. இரண்டிலும் பக்கச்சுவர் 129 மில்லி மீட்டர். பி.இ. 6-ன் 20 அங்குல டயரில் இருப்பதை விட இந்தச் சிறிய கார்களில் ரப்பர் அதிகம் என்பதை கவனிக்க வேண்டும். 16 அங்குல டயர் சிறிய ஊர்களிலும் கிடைக்க வாய்ப்பு உண்டு. 20 அங்குல டயரை கொள்ளேகாலிலோ மேட்டூரிலோ கையிருப்பில் எதிர்பார்க்க முடியாது.

வாங்கிய பிறகு வெளியே கொடுத்து அளவை மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையும் பலருக்கு உண்டு. அது ஆபத்து. கம்பெனி அந்த மாடலுக்குக் கொடுக்காத அளவைப் போட்டால் உத்தரவாதத்திலும் இன்ஷூரன்சிலும் தகராறு வரும். பதிவுச் சான்றிதழில் உள்ள அமைப்பை இஷ்டம் போல மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருப்பதும் குறிப்பிடத்தக்கது.

டயர் தேய்ந்து புதிது வாங்கும்போது அளவை மட்டும் பார்த்தால் போதாது. அளவுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும். அது பாரம் தாங்கும் எண். 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும். 100 என்றால் 800 கிலோ. 103 என்றால் 875 கிலோ. பெட்ரோல் காருக்கு வந்த அதே அளவு டயர் விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று, குறைந்த எண் உள்ளதை மின்சார காருக்குப் போடக் கூடாது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன் சக்கரத்துக்குச் சாய்கிறது. அங்கே போய் சிக்கனம் பார்ப்பது சரியல்ல. டயர் தயாரான தேதியும் பக்கச்சுவரில் நாலு இலக்கத்தில் இருக்கும். 2325 என்றால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரம். கடையில் வருஷக்கணக்கில் கிடந்த டயரைத் தலையில் கட்டாமல் இருக்க இது உதவும்.

காற்று விஷயம் கடைசி. டிரைவர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் எத்தனை பவுண்டு காற்று என்று ஒட்டியிருப்பார்கள். ஆள் நிறைந்தால் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும். மலைக்குக் கிளம்பும் அன்று காலையில், வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்து இருக்கும்போது பார்த்து அடிக்க வேண்டும். மேலே போய்ச் சேர்ந்ததும் கருவி நாலைந்து பவுண்டு கூடுதலாகக் காட்டும். சூட்டில் காற்று விரிந்ததால் வந்தது அது. அதைப் பார்த்துப் பயந்து, பூஜைக்கு நிறுத்திய இடத்திலேயே காற்றைத் திறந்து விடுகிறவர்கள் உண்டு. அப்படி விடக் கூடாது. டயர் ஆறியதும் குறைந்த காற்றோடுதான் அத்தனை வளைவுகளிலும் இறங்க வேண்டியிருக்கும்.